கனவில் வந்த கரடியும் பக்கத்து வீட்டுச் செல்வியும்

மலையடிவாரத்து வடகரையில் எங்கள் புறவாசலைத் தாண்டினால் தென்னந்தோப்பு. மூன்று நாட்களாக விடியற்காலையில் ஒரே கனவு. புறவாசலில் ஒரு கரடி நின்று உறுமியது. போனில் பலன் தேடினேன். ‘நெருங்கிப் பழகுகிறவரே உங்களை ஏமாற்றப் போகிறார்’ என்றது ஒரு வீடியோ. நான் நெருங்கிப் பழகுவது பக்கத்து வீட்டுச் செல்வியிடம் மட்டும்தான். முந்தின நாள்தான் அவள் எங்கள் புறவாசல் பலாமரத்தைப் பார்த்து, “எக்கா, ஒங்க பலா பழுத்துட்டுல்லா?” என்று கேட்டிருந்தாள். அது மனதில் முள்ளாகக் குத்தியது.

நான்காம் நாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செல்வி, “எக்கா, புறவாசப் பக்கம் போவாதீங்க. என்னமோ உறுமுத சத்தம் கேக்கு” என்றாள். பழத்தை அவள் இறக்கிக்கொள்ளத்தான் இந்த நாடகம் என்று நினைத்து வீம்பாகக் கதவைத் திறந்தேன்.

பலாமரத்தடியில் நிஜக் கரடி, பழத்தைப் பிளந்து தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து நிமிர்ந்தது. செல்வி மதிலில் ஏறித் தகரத்தைத் தட்டிக் கத்தியதும் அது தோப்புக்குள் ஓடிவிட்டது.

மூன்று நாளும் அது பழ வாசனைக்கு வந்து போயிருக்க வேண்டும். தூக்கத்தில் காதில் விழுந்த உறுமல்தான் கனவாகியிருக்கிறது.

இப்போதெல்லாம் நான் கனவுக்குப் பலன் தேடுவதில்லை. “ஏட்டி செல்வி, ஏதும் சத்தம் கேட்டியா?” என்று விசாரித்த பிறகே புறவாசல் கதவைத் திறக்கிறேன். அடுத்துப் பழுத்த பலா அவள் வீட்டுக்குத்தான் போனது. அந்த வீடியோவைப் பற்றி மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.