நெடுந்தீவுக்குப் போன கண்டிக்காரர்கள்

யுத்தம் முடிந்த பிறகு, வடக்கைப் பார்க்கப் போவது கண்டியில் காய்ச்சல் மாதிரிப் பரவியது. எங்கள் அலுவலகத்தையும் அது விடவில்லை. ஏற்பாடெல்லாம் எங்கள் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பிரதம லிகிதர். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் வேன் ஏறியதிலிருந்தே, கடலைத் தானே வெட்டி வைத்தவர்போல விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேறி நெடுந்தீவில் இறங்கியபோது உச்சி வெயில். கல்வேலிகள், ஆளரவமில்லாத குறுகிய ஒழுங்கைகள், வெள்ளை மணல், சத்தம் போடாத கடல். எனக்குப் பிடித்திருந்தது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. காட்டுக்குதிரைகள் போட்டோவுக்கு நிற்கவில்லை என்று இன்னொருவருக்குக் கோபம். சோற்றுப் பார்சல் தாள்களை மணலிலேயே வீசினார்கள். படித்த கூட்டம்.

கடலில் கால் நனைத்துவிட்டு வந்த பிரதம லிகிதர், ஒரு வீட்டு வாசல் படலையடியில் தண்ணீர் வாளியொன்றைக் கண்டார். யாரையும் கேட்கவில்லை. தூக்கிக் காலில் ஊற்றி, விரலிடுக்கு மணலை நிதானமாகக் கழுவினார். வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

"ஐயோ, அது குடிக்கிற தண்ணியெல்லோ!"

"கிணத்துல அள்ளிக்கங்களேன்மா."

"இஞ்ச கிணத்துத் தண்ணி உப்பு. நல்ல தண்ணிக்கு ஒரு மைல் நடக்கோணும்."

"அப்ப எங்க கண்டிக்கு வாங்க. மகாவலி ஆறு சும்மாதான் ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அவர் கையெழுத்தில்லாமல் எனக்கு லீவு கிடைக்காது. அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுடன் நடந்தேன். "நீர் ஏன் பிள்ளை வாறீர்?" என்று ஒருமுறை கேட்டார். வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்குதுறைக்கு ஓடினேன். படகு காத்திருந்தது.

"உங்களால எல்லாருக்கும் லேட்," என்றார் பிரதம லிகிதர்.

திரும்பும் வழியில் கடல் எழும்பியது. பாதி தூரத்தில் அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குடலே வந்துவிடும்போல வாந்தியெடுத்தார். இரண்டு பேர் முதுகைத் தடவினார்கள்.

"யார்கிட்டயாவது மோந்து பார்க்கத் தேசிக்காய் இருக்கா? நம்ம சேருக்கு முடியல!" என்று பக்கத்து மேசைக்காரி கத்தினாள்.

என் பையில் இரண்டு எலுமிச்சங்காய்கள் இருந்தன. இல்லை என்று தலையாட்டிவிட்டு, பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.