நெஞ்சில் இரைச்சல்

என் முதல் பிரசவம் திண்டிவனத்தில், அம்மா வீட்டில் நடந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. கணவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை. லீவு கிடைத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு பாசஞ்சரில் வந்து, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் ஓடிவிடுவார். பெண் குழந்தை. பிறந்தபோது நல்ல நிறமும் நல்ல குரலுமாகத்தான் இருந்தாள்.

பால் குடிப்பதில்தான் ஏதோ சரியில்லை. நாலு இழுப்பு இழுப்பாள், விட்டுவிடுவாள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். மறுபடி நாலு இழுப்பு. மார்கழிக் குளிரிலும் அவள் தலை வேர்த்து என் முழங்கை மடிப்பெல்லாம் ஈரமாகிவிடும். பசி அடங்குவதற்குள் களைத்துத் தூங்கிப்போவாள். அம்மாவிடம் சொன்னேன். "சூட்டு ஒடம்புடி, உன்னாட்டந்தான். வேர்க்கட்டும், நல்லதுதான்" என்றாள். தலைப்பிள்ளை பெற்றவள் பேச்சு எந்த வீட்டில் எடுபடும்?

குழந்தைக்கு உடம்பு ஏறவில்லை என்று கணவருக்கே தோன்றிய பிறகு டாக்டரிடம் காட்டுவதென்று முடிவானது. நான் போக முடியாது. தீட்டுக் கழியாதவள் வாசல்படி தாண்டக் கூடாது, பச்சை உடம்பில் காற்று புகுந்துவிடும். அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ள, கணவரும் அவளும் ஜட்கா வண்டியில் போனார்கள். பால் கொடுக்கிறவள் வீட்டில், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத இரண்டு பேர் டாக்டர் முன்னால். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

திரும்பி வந்ததும் கணவர் சொன்னார். "நெஞ்சுல ஏதோ இரைச்சல் கேக்குதாம். நெறைய கொழந்தைங்களுக்கு இருக்குமாம், அதுவா போயிடுமாம். இன்னும் ஏதோ கேட்டாரு, எங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

"இரைச்சல் இன்னா மாப்பிள்ளை, இரைப்புதான் அது" என்றாள் அம்மா. "சளி கட்டிக்கினு இருக்குது. நான் பாத்துக்கறேன்."

டாக்டர் சொன்ன நெஞ்சு இதயம். எங்கள் வீட்டில் நெஞ்சு என்றால் சளி கட்டுகிற இடம். இரைச்சல் இரைப்பானது அங்கேதான். கர்ப்பூரவள்ளிச் சாறு வந்தது, நெஞ்சில் தடவச் சூடாக்கிய தேங்காயெண்ணெய் வந்தது. மூச்சு வாங்குவது கூடக்கூட, இரைப்பு முற்றுகிறது என்று வைத்தியமும் கூடியது. அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்கலங்கியபடி கூடத்தில் நடப்பாள். அவளுடைய பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனால் அவளை வாய்விட்டுத் திட்டக்கூட என்னால் முடியவில்லை.

ஒரு நாள் காலை, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆயிற்று. நான் யாரையும் கேட்கவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். "பச்சை ஒடம்புடி, நில்லுடி" என்று அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீதான் தாயாராம்மா? பால் குடிக்கும்போது வேர்க்குதா?"

"வேர்க்குதுங்க. தலையெல்லாம் நனைஞ்சிடுது."

"விட்டு விட்டுக் குடிக்குதா?"

"பொறந்ததிலேருந்து அப்படித்தாங்க."

"இதைத்தாம்மா அன்னிக்குக் கேட்டேன். தெரியலைன்னாங்க. தாயாரைக் கேட்டு வந்து சொல்லுங்கன்னேன், யாரும் வரலை. வெறும் இரைச்சல்னா பயமில்லை. நல்லா குடிச்சு, நல்லா வளர்ந்தா விட்டுடலாம். வேர்வை, மூச்சு வாங்கறது, ஒடம்பு ஏறாதது, நீலம் பாரிக்கறது, இதெல்லாம் கூட இருந்தா இதயத்துல கோளாறு. அன்னிக்கே மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பேன். அப்பவும் பொழைச்சிடும்னு உறுதி சொல்லியிருக்க மாட்டேன். பாத்திருக்கலாம்."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடனே மெட்ராஸ் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர்.

அறுபதுகளில் விழுப்புரத்தில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் நெஞ்சிலும் இரைச்சல் கேட்டது. அந்த முறை தீட்டாவது ஒன்றாவது என்று நானே தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் கேட்பதற்கு முன்பே, வேர்க்கவில்லை, இளைக்கவில்லை, ஒரே மூச்சில் குடிக்கிறான் என்று ஒப்பித்தேன். அப்படியும் வாரம் தவறாமல் காட்டினேன். ஒரு வயதுக்குள் இரைச்சல் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இதை இங்கே கொண்டுவந்து நுழைப்பது, அன்றைக்கு மகளோடு மெட்ராஸ் போன ரயிலைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வராததால்தான்.

கணவருக்குத் தகவல் சொல்ல நேரமில்லை. அம்மாவும் நானும் கிடைத்த மெட்ராஸ் வண்டியில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மகளை மாரில் போட்டுக்கொண்டேன். மேல்மருவத்தூர் தாண்டியதும் குடிப்பதை நிறுத்தினாள். இளைப்பாறிவிட்டு மறுபடி வாய் வைப்பாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. உள்ளங்கையில் பிடித்திருந்த அவள் பாதம் மெல்ல மெல்லச் சில்லிட்டது. சொன்னால் நடுவழியில் இறக்கிவிடுவார்கள் என்று பயம். சொல்லாதவரை அவள் இருக்கிறாள் என்றும் ஒரு பைத்தியக்கார எண்ணம். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பால் கொடுக்கிறவள் மாதிரியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எதிரில் ஒரு அம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள். செங்கல்பட்டு நெருங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நானும் பாத்துக்கினே வர்றேன். கொழந்தை விடாம குடிக்குதே, நல்ல பசி போல."

"ஆமாங்க" என்றேன்.