பீடத்தில் வைத்த பேட்டரி

ராயப்பராஜ் முதலில் செல்போனின் முதுகைக் கழற்றுவார். பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, அதன் பொன்னிறத் தகடுகளில் ஊதி, வேட்டி நுனியால் துடைப்பார். பிறகு பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் வாங்கிய சார்ஜரின் கவ்வியில் அதைச் செருகி, இரண்டு கம்பிகளையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படியும் இப்படியும் நகர்த்துவார். பச்சை விளக்கு எரிந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிவிடும் தரகர் அவர். பேசிப் பேசியே மத்தியானத்துக்குள் ஒரு பேட்டரியைத் தீர்த்துவிடுவார். அதனால் போனில் ஒன்று, சார்ஜரில் ஒன்று.

திண்டுக்கல் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரே பிளக், திரு இருதய ஆண்டவர் படத்தின் சிவப்பு பல்புக்காகப் போட்டது. எனவே சார்ஜரும் பீடத்திலேயே குடியேறியது. அதன் கீழே லேஸ் துணி. பின்னால், போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை, விபூதிப் புதனன்று எரித்துச் சாம்பலாக்குவதற்காக வைத்தது, அப்பளமாகக் காய்ந்துபோய்.

"சுடுதுங்க, தொட்டுப் பாருங்க" என்பார் மனைவி செபாஸ்தியம்மாள்.

"சாமி பாத்துக்கிடுவாரு. அதவிடப் பத்திரமான எடம் இந்த வீட்ல எங்கடி இருக்கு?"

2007 ஜனவரியில் மகள் ஷைனியைப் பெண் பார்க்க எரியோட்டிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் காப்பி குடித்ததோடு சரி. இந்த மாப்பிள்ளையையோ ஷைனிக்குப் புகைப்படத்திலேயே பிடித்துவிட்டது. அவனுடைய அப்பா அந்தோணிமுத்து ஓய்வுபெற்ற லைன்மேன். செருப்பைக் கழற்றியதிலிருந்து சிரிக்கவே இல்லை.

பேச்சை ஆரம்பிக்குமுன் ஒரு ஜெபம் என்று எல்லோரும் பீடத்தின் முன் முழங்காலிட்டார்கள். இரண்டாவது அருள்நிறைந்த மரியேயில் புகை வாசம் வந்தது.

"சாம்பிராணி போட்டிருக்காக. மொறையான வீடு" என்று மாப்பிள்ளையின் அம்மா ரோசலின் கிசுகிசுத்தார். அது காதில் விழுந்து பூரித்த ராயப்பராஜ் குரலை இன்னும் உயர்த்தினார். சடசடவென்று ஓலைச் சிலுவை பற்றிக்கொண்டது.

அவர் பாய்ந்துபோய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

"யோவ், ஊத்தாதய்யா! கரண்ட் இருக்கு! மெயினு எங்க?" என்று கத்தினார் அந்தோணிமுத்து.

ஷைனி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அந்தோணிமுத்து ஜமுக்காளத்தைப் போட்டுத் தீயை அமுக்கினார். பணியாரம்போல் உப்பிக் கிடந்த பேட்டரியை இடுக்கியால் தூக்கிக்கொண்டு போய் வாசல் மணலில் போட்டார்.

"விபூதிப் புதனுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. இவரு இப்பவே ஓலைய எரிச்சிட்டாரு" என்றார் செபாஸ்தியம்மாள். ரோசலின் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"துணிக்கும் ஓலைக்கும் நடுவுல சார்ஜர வைக்கிறதா? வெறுந்தரையில வையும். ஆள் பாக்க வையும். சுட்டா ஒடனே கழட்டும். சாமிக்கு இதுவா வேல?" என்று பொரிந்து தள்ளினார் அந்தோணிமுத்து. கிளம்பும்போது, "சொல்லி அனுப்புறோம்" என்றார். முந்தைய இரண்டு வரன்களும் சொன்ன அதே வார்த்தை.

ஷைனி அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். எரியோட்டிலிருந்து போன் வருவதற்குள் மிச்சமிருந்த ஒற்றை பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று ராயப்பராஜ் தக்காளி வியாபாரத்தையே இரண்டு வார்த்தையில் முடித்தார். ஒன்பதாம் நாள் போன் வந்தது. சம்மதம். ஈஸ்டர் கழிந்து, மே மாதத்தில் கல்யாணம்.

மறுவீட்டு விருந்தில் ராயப்பராஜின் இலையில் குழம்பு ஊற்றியபடியே ரோசலின்தான் சொன்னார்:

"ஒப்புக்குப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிரத்தாண்ணே அன்னைக்கி வந்தோம். ஒங்க சம்பந்தி அம்புட்டுப் பேசினாருல்ல, அதுக்கு மொத வருசந்தான் இதே மாதிரி சார்ஜர தலகாணிக்கடியில வச்சு இலவம்பஞ்சு மெத்தைய எரிச்சாரு. திரும்பி வாரப்ப பஸ்ஸுல, 'ரெண்டு வீடும் பொருந்திப் போகும்டி'ன்னுட்டாரு."