கொண்டைக்கு இடம் விட்ட சீட்டு

எண்பதுகளில் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே சீட்டு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற எனக்கு, ஊரே திரும்பிப் பார்க்கிற கார் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பதில் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

என் மனைவி ஒரு முறைதான் ஏறினாள். சீட்டுக்குள் ஸ்பிரிங் அறுந்து கிடந்தது. பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ரவாங்ல நடக்குற கல்யாணத்துக்கு நான் அண்ணன் வேன்ல போயிக்கிறேன். நீங்க உங்க வண்டியோட வாங்க," என்றாள்.

அவள் அண்ணன் மகள் கல்யாணம். இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்க வேண்டும் என்றுதான் காரையே வாங்கினேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

பழைய இரும்புக் கடையில் ஜப்பான் கார் சீட்டு இரண்டு கிடைத்தன. உட்கார்ந்து பார்த்தேன், சோபா மாதிரி இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் கார் சீட்டு தைக்கிற குஷன் கடைக்காரர் ஒருவர் பொருத்திக் கொடுத்தார்.

"அண்ணே, இது ஒசரமான சீட்டு லா. யோசிச்சுக்குங்க."

நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினோம். கொண்டை போட்டு, மல்லிகை சுற்றி, மனைவி ஏறி உட்கார்ந்தாள். சீட்டின் தலைப்பகுதி கொண்டையை முன்னால் தள்ளியது. தாடை நெஞ்சில் இடித்தது. முதல் பள்ளத்தில் கூரைக் கம்பி அவள் உச்சந்தலையில் 'டொக்' என்றது.

"ஏங்க, ரவாங் வரைக்கும் நான் என் காலையே பாத்துக்கிட்டு வரணுமா?"

இறங்கும்போது பாதி மல்லிகை சீட்டில் இருந்தது. கடையில் என் தலையை வைத்துத்தானே பார்த்தேன்! அதில் முடியே கொஞ்சம்தான்.

"இனிமே நான் வந்து உக்காந்து பாக்குறேன்," என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கொண்டை, பூ எல்லாவற்றோடும் குஷன் கடைக்கு வந்துவிட்டாள். கடைக்காரர் காரின் பழைய சீட்டையே பிரித்து, புது ஸ்பிரிங்கும் பஞ்சும் வைத்து, கடை வாசலில் போட்டிருந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"அக்கா, கல்யாணமா? மாப்பிள்ளை எங்க?"

"அந்தா, தூணுக்குப் பின்னால நிக்கிறாரு பாருங்க."

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. நான் தூணை விட்டு வரவில்லை.

அவள் அந்தச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். "தொடைக்குக் கீழ இன்னும் கொஞ்சம் தூக்குங்க தம்பி. இடுப்பு கிட்ட கொஞ்சம் கெட்டியா வைங்க." பழைய சீட்டின் முதுகு தோளோடு நின்றது. கொண்டைக்குத் தடையே இல்லை. நான் ஆசைப்பட்டு எடுத்து வைத்திருந்த சிவப்பு ரெக்சினை அதன் மேல் விரித்து உட்கார்ந்தாள். பட்டு வழுக்கி, சரிந்து கீழே போனாள்.

"வெயில்ல நின்னா இது தோசக்கல்லு. துணி போடுங்க."

பழுப்பு நிறத்தில் தடித்த துணி போட்டோம்.

கல்யாணத்தன்று ரவாங் வரைக்கும் அவள் இடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நிறுத்தப் போனேன்.

"எங்க போறீங்க? வாசல்ல நிறுத்துங்க."

நிறுத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் இறங்கினாள்.

அவள் அண்ணன் ஓடி வந்தார். "என்னம்மா, இதுலயா வந்தே? போறப்ப வேன்ல வந்துரு. எடம் இருக்கு."

"வேணாண்ணே. இந்தச் சீட்டு நான் பாத்துப் பாத்துச் செஞ்சது," என்றாள். "வேணும்னா அவரு வேன்ல வரட்டும்."