ஜன்னலுக்கு எதிரே கட்டின ஸ்பீக்கர்

என் தொழில் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், எதற்குச் சத்தம் வேண்டும் என்றாலும் முதலியார்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனையோ வருஷமாக மைக் பிடிக்கிறேன். அதில் நான் பேசியது ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ மட்டும்தான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. அஞ்சாவது வரை படித்தபோதும் இதே கதைதான். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்பதோடு சரி.

எனக்கு வாய்த்தவளும் அப்படியே. மாடியிலிருந்து காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிடுவாள். அவர் தெருமுனை தாண்டிப் போய்விட்ட பிறகுதான் கூப்பிட்டு முடிப்பாள். வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். மிஷின் சத்தம் அவளுடைய சத்தத்தைவிடப் பெரிசு. நாங்கள் சண்டை போட்டால் கீழே குடியிருந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. அவள் ரேடியோவை அணைப்பாள், நான் போடுவேன், மறுபடி அணைப்பாள். அதுதான் சண்டை.

எனக்கு நாற்பது தாண்டியபிறகு, இனி இல்லை என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே முடிவு செய்திருந்த நேரத்தில், அவள் உண்டானாள். ஊரே சந்தோஷப்பட்டது. அவள் மட்டும் ஐந்தாம் மாதத்திலிருந்து தூங்கவில்லை.

“வலிக்குப் பயந்துக்கிறியா?” என்று கேட்டேன்.

“வலிக்கு இல்ல. வாய்க்கு.”

“வாய்க்கு என்ன?”

“எங்க அக்கா கத்தினது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அவள் பிறந்த ஊரான தவளக்குப்பத்தில் தெரியாதவர்களே இல்லை. அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது, வலி தாங்காமல், வெளியே உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்து, “உன் புள்ளைக்குப் புள்ள வேணும்னா நீயே வந்து பெத்துக் குடுடி!” என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பிள்ளை இப்போது மோட்டார் பைக் ஓட்டுகிறான். ஆனாலும் கடைத்தெருவில் அக்கா தலை தெரிந்தால் யாராவது ஒருத்தர் அந்த வசனத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அக்காவுக்கு அதெல்லாம் துடைத்துப் போட்ட கதை. “ஆமா, சொன்னேன். வந்தாளா அவ?” என்று கேட்பாள். அன்றைக்குப் பாவாடை தாவணியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்த என் மனைவிக்குத்தான் மானம் போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

“என் வாயி என் கையில இருக்காது,” என்றாள். “உள்ள என்னென்ன இருக்குதுன்னு எனக்கே தெரியல. எல்லாம் வந்துடும். அப்புறம் நான் எப்படித் தெருவுல நடப்பேன்?”

அவளுக்கு உள்ளே என்னென்ன இருக்கும் என்று அன்றைக்கு முதல்முதலாக யோசித்தேன். எனக்கும் லேசாகப் பயம் வந்தது.

முதல் திட்டம் காலாப்பட்டு. அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அதைவிட முக்கியம், அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. எவ்வளவு கத்தினாலும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் மீன்காரர்களும்தான் கேட்பார்கள். கீழ்வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் இவர்களை சொல்தா என்போம். என்னை அவர் முசே என்றுதான் கூப்பிடுவார், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். தன்னுடைய பழைய காரைத் தருவதாகச் சொன்னார். அதோடு விடாமல், “பிரான்சுல எல்லாம் புருஷன் உள்ளயே நிக்கணும், முசே. கையப் புடிச்சிக்கிட்டு,” என்றார்.

மாடிக்கு வந்து இதைச் சொன்னேன்.

“நீங்க உள்ள வந்தீங்கன்னா நான் செத்துடுவேன்,” என்றாள்.

“நானும்தான்,” என்றேன். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

காலாப்பட்டுத் திட்டத்தை, அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா கெடுத்தார். வயது ஆகிவிட்டது, பிரஷர் வேறு இருக்கிறது, பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பக்கத்தில் என்றால் அவருடைய நர்சிங் ஹோம்தான், எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி. மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டிலைப் பார்ப்பார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் சத்தத்தைப் பார்த்தேன். பிரசவ அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில். அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் அத்தனை பெண்களும் அந்தச் சந்து வழியாகத்தான் கோயிலுக்குப் போவார்கள். இதைச் சொன்னதும் அவள் பாயிலிருந்து எழுந்திருக்கவே இல்லை அன்றைக்கு.

இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள். “ஆடி மாசம் நீங்க கோயில்ல கொழாய் கட்டினா நம்ம வீட்டுல குக்கர் விசில் கூடக் கேக்காதே?”

குழாய் என்றால் கூம்பு ஸ்பீக்கர். அது போலீசுக்குப் பிடிக்காது, சொல்தாவுக்குப் பிடிக்காது. அம்மனுக்குப் பிடிக்கும் என்று கோயில்காரர்கள் சொல்வார்கள்.

“கேக்காது,” என்றேன்.

“எனக்கு நாள் குறிச்சதும் ஆடியிலதான்.”

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். இவ்வளவு புத்திசாலியை வீட்டில் வைத்துக்கொண்டு நான் காலாப்பட்டுக்குக் கார் தேடியிருக்கிறேன்.

கோயிலில் பந்தக்கால் நட்ட அன்றைக்கு வெள்ளோட்டம் பார்த்தோம். அவள் பரிசோதனைக்குப் போகிற சாக்கில் அந்த ஜன்னல் பக்கம் நின்று கத்த வேண்டும், நான் சந்தில் நின்று கேட்க வேண்டும். பாட்டைப் போட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பாட்டைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தவளிடம், “கத்தினியா?” என்றேன்.

“கத்தினேனே. ஐயோன்னு.”

“கேக்கவே இல்ல.”

“நெசமா?”

“சத்தியமா.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, எப்படிக் கத்தினாய், காட்டு என்றேன். காட்டினாள். பாட்டு இல்லாமலே எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்று அவள் தூங்கினாள், நான் வாயைத் திறக்கவில்லை.

கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமைதான் பாட்டு காலையிலிருந்து நிற்காமல் ஓடும். தானாக வலி வரவில்லையென்றால் அந்த வாரத்தில் சேர்த்து டிரிப்ஸ் போட்டு வலி வரவைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம்.

“நல்ல நேரம் பாத்துட்டீங்களா?” என்றார்.

பார்த்துவிட்டோம் என்று தலையாட்டினேன். ஜோசியரிடம் போகிறவர்கள் உண்டு, ஐயரிடம் போகிறவர்கள் உண்டு. ஆம்ப்ளிபயரைக் கேட்டுப் பிள்ளை பெற நாள் குறித்தது நாங்கள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவளைச் சேர்த்தோம். துணைக்கு அக்கா தவளக்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். எங்கள் ஏற்பாட்டை அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “சரி மாப்ள, நான் ஜன்னல்ல துண்டை ஆட்டினா நீங்க சத்தத்த ஏத்துங்க,” என்று ஒத்துக்கொண்டாள்.

நான் கோயில் வேப்பமரத்தடியில் ஆம்ப்ளிபயரோடு உட்கார்ந்தேன். குழாயைச் சாலை பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லியிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தேன். காற்று அப்படித்தான் அடிக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். கூழுக்குத் தூக்குவாளியும் சொம்புமாக வரிசை நீண்டுகொண்டிருந்தது. அதில் அவளுக்கு ரவிக்கை தைத்த கூலி பாக்கி உள்ளவர்களே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

துண்டு ஆடியது. ஏற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆடியது. மறுபடி ஏற்றினேன். மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பிப் போய்விட்டன. வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஜாடைக்கு மாறினார்கள். கூழ் ஊற்றுகிறவர் வெங்காயம் வேண்டுமா என்று கேட்க ஒரு வெங்காயத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னலில் துண்டு இப்போது நிற்காமல் ஆடியது. பட்டனைக் கடைசி வரை திருகினேன்.

நர்சிங் ஹோம் பின்கதவைத் திறந்துகொண்டு, அங்கே வேலை செய்யும் ஆயாம்மா ஓடிவந்தாள். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. என் காதைப் பிடித்து இழுத்து அதற்குள்ளேயே கத்தினாள்.

“முக்குன்னு நர்சு சொல்றது அந்தப் பொண்ணுக்குக் கேக்கலய்யா! முக்கச் சொன்னா நிறுத்துது, நிறுத்தச் சொன்னா முக்குது! டாக்டரம்மா தொண்டை கட்டிப்போச்சு. எந்த நாய்யா இந்தக் கொழாயை இங்க திருப்பிக் கட்டினது?”

“நான்தான்,” என்றேன்.

“உள்ள இருக்கறது உன் பொண்டாட்டியாச்சேய்யா!”

ஜன்னலைப் பார்த்தேன். துண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிறவள் இன்னும் ஏற்று என்கிறாள். வெளியே வந்தவள் நிறுத்து என்கிறாள். நான் என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று, யாருக்கும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. அதற்காக ஐந்தாம் மாதத்திலிருந்து உழைத்திருக்கிறேன். எதிரே தெருவே வரிசை கட்டி நிற்கிறது. ஆயாம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தச் சந்தில் ஆடி மாதத்தில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கே யார் என்று தெரியவில்லை.

“டேய்! ஏன்டா நிறுத்தின?”

என்னைத்தான். கல்யாணமான நாளிலிருந்து ‘என்னங்க’ என்பதைக்கூடப் பாதியில் விழுங்குகிறவள்.

“ஏன்டா நிறுத்தின, பாவி! மைக் புடிக்கிறானாம் மைக்கு! ஒன் டூ த்ரீயாம்! இதான்டா ஒண்ணு! ஒண்ணோட நிறுத்திக்கடா! டூன்னு சொன்னே, கொன்னுடுவேன்!”

கூழ் அகப்பை அண்டாவுக்கும் சொம்புக்கும் நடுவில் அப்படியே நின்றது. வரிசையில் ஒரு அம்மா, “மைக் செட்டு பொண்டாட்டியா அது? அதுக்குப் பேச்சு வருமா?” என்று பக்கத்தில் கேட்டாள். அவ்வளவு நல்ல குரலை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஸ்பீக்கரே தேவையில்லை.

கோயில் நிர்வாகி ஓடிவந்தார். “யோவ், பாட்டப் போடுய்யா. சாமி காரியத்துல என்னய்யா இது?”

“முடியாது,” என்றேன்.

நானா பேசினேன் என்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பிளக்கை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டேன். உள்ளே நர்ஸ், “அப்படித்தாம்மா, இப்ப முக்கு, விடாதே,” என்று சொல்வது சந்து முழுக்கக் கேட்டது. வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சில பேர் கூடவே முக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்னக் குரல் வீறிட்டது. பாட்டு ஓடியிருந்தால் அது எனக்குக் கேட்டிருக்காது. வரிசையில் யாரோ குலவை இட்டார்கள். ஒருத்தி ஆரம்பித்ததும் மொத்தப் பேரும் இட்டார்கள். நிர்வாகி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “பத்து நிமிஷம் கழிச்சுப் போடு,” என்று போனார்.

உள்ளே போனேன். பெண் குழந்தை. அவள் களைத்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் பழைய குரலில், குனிந்தால்தான் கேட்கும் குரலில், “யாருக்காவது கேட்டுச்சா?” என்றாள்.

“இல்லியே,” என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஆயாம்மா ஒரு தூக்குக் கூழோடு நுழைந்தாள். “ஒண்ணோட நிறுத்திக்கச் சொன்ன பொண்ணுக்குக் குடுக்கச் சொன்னாங்க, கோயில்ல. நீ குடிக்காதம்மா, சீதளம். அக்காகாரி குடிக்கட்டும்.”

அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா கூழைக் குடித்துக்கொண்டே, “என்னுது தவளக்குப்பத்தோட நின்னுது. உன்னுது கடலூர் வரைக்கும் போவும் பாரு,” என்றாள்.

வெகுநேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள், “ஏன் நிறுத்தினீங்க?”

“நர்சு சொல்றது உனக்குக் கேக்கலன்னாங்க.”

“ம்.”

போர்வையைக் கண் வரைக்கும் இறக்கினாள். பிறகு, “நிறுத்தினப்புறம் கேட்டுச்சு. நர்சு சொன்னது, அப்புறம் நான் கத்தினது. இவ்ளோ பெரிசா இருக்கும்னு எனக்குத் தெரியாது,” என்றாள்.

அதற்குப் பிறகு பல மாதம் அவள் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. ரவிக்கைகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அவள் பயந்த மாதிரி ஊர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மாட்டியது நான். எந்த மண்டபத்தில் மைக்கைத் தட்டி “ஹலோ, ஒன்…” என்றாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல், “ஒண்ணோட நிறுத்திக்கடா!” ஒரு கருமாதியில், துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களே சொன்னார்கள். சொல்தா மட்டும் மரியாதையாக, “ஒண்ணோட நிறுத்திக்கங்க, முசே,” என்பார்.

அடுத்த ஆடியில் கூழ் ஊற்றும் அன்று, நான் வேப்பமரத்தடியில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் இடுப்பில் குழந்தையோடும் கையில் சொம்போடும் அவள் வந்து நிற்பதைப் பார்த்தேன். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. என் வாய் பழக்கத்தில், “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன்…” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது.

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரும் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவள் குழந்தையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தலையைக் குனியவில்லை.

“போதும்,” என்றாள். காய்கறி வண்டிக்காரருக்குக் கேட்காத குரல்தான். தெரு முழுக்கக் கேட்டது.