பூட்டு சார் எழுதாமல் விட்ட வரி

ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அவரைப் பூட்டு சார் என்றுதான் சொல்வார்கள். சர்வர் அறையைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் வரை போனவர் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். வீட்டிலும் இதே கூத்துதான். "ஒரு நாளைக்குக் கதவே கையோட வரப்போகுது பாருங்க" என்பாள் மனைவி.

இத்தனை இழுத்துப் பார்க்கிற மனிதர், பதினோரு மாதமாக ஒன்றை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தார். ஸ்கேன் படங்கள் பெருகி இடம் போதாமல் போனபோது சர்வரில் புது டிஸ்க் போட்டார். டாக்டர்கள் அவசரப்படுத்தியதால் அதைக் கையாலேயே கட்டளை கொடுத்துப் படங்களின் ஃபோல்டரோடு இணைத்துவிட்டார். சர்வர் எழும்போதெல்லாம் தானாக இணைய வேண்டுமானால், அதற்கென்று இருக்கிற ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார். அன்றிலிருந்து சர்வரை அணைக்கவே இல்லை. ஓடுகிறதைத் தொடுவானேன்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக அவர் தயாரில்லை.

புதன்கிழமை நோட்டீஸ் வந்தது. வயரிங் மாற்றுவதால் சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை கட்டிடத்தில் கரண்ட் இருக்காது.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கணக்குப் போட்டார். யுபிஎஸ் அரை மணிதான் தாங்கும். பிறகு சர்வர் அணையும், கரண்ட் வந்ததும் எழும், ஆனால் டிஸ்க் இணையாது. ஃபோல்டர் காலியாக நிற்கும். அவரோ சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் மகளோடு வெளியூர் போக வேண்டும். ஞாயிறன்று அவளுக்கு நானூறு மீட்டர் இறுதி ஓட்டம். போன இரண்டு போட்டிகளுக்கும் சர்வரைக் காரணம் சொல்லி நின்றுவிட்டவர்.

"இந்தத் தடவையும் வரலன்னா இப்பவே சொல்லிடுங்கப்பா, பரவால்ல" என்றாள் மகள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வியாழக்கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. வரியை எழுதிவிட்டார். எழுதினால் ஆயிற்றா? அணைத்து எழுப்பிப் பார்த்தால்தானே தெரியும்? வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அரை மணி கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தார்.

சர்வர் எழவில்லை. பாதியில் நின்று, கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது.

அந்த வரியில், புது டிஸ்குக்கு அடையாளமாக 'வரிசையில் இரண்டாவது' என்று எழுதியிருந்தார். அணைந்து எழுந்த சர்வர் வரிசையை மாற்றி எண்ணிவிட்டது. வரிசையில் நிற்கிற இடத்தை வைத்து ஆளை அடையாளம் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

கதவைத் தட்டிக்கொண்டு ஸ்கேன் எடுக்கிற அக்கா வந்தாள். "சார், உள்ள ரெண்டு பேஷண்ட் காத்திருக்காங்க. வருமா, வராதா?"

"வரும்மா. பத்து நிமிஷம்." திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

வரியில் 'இரண்டாவது' என்றிருந்ததை அழித்துவிட்டு, அந்த டிஸ்குக்கே உரிய நீளமான அடையாள எண்ணை எழுதினார். மூன்று முறை சரிபார்த்தார். பழக்கம் இதற்காவது உதவியது. மறுபடி ரீஸ்டார்ட். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் வரிகள் ஓடி முடிந்தன. ஃபோல்டரைத் திறந்தால் அத்தனை படங்களும் இருந்தன. இணைப்பதற்கு அவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் மனசு சுருக்கென்றது. நானில்லாமலே எழுந்துகொள்ளும் என்றால், பதினோரு மாதம் நான் காவல் காத்தது எதற்காம்?

சனிக்கிழமை பஸ்ஸில் பன்னிரண்டு மணியிலிருந்து போன் கையிலேயே இருந்தது. ஒரு மணி. ஒன்றேகால். ஒன்றரை. யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க மாட்டாமல் அவரே கூப்பிட்டார்.

"கரண்ட் அப்பவே வந்துடுச்சே சார், படமெல்லாம் நல்லா வருது" என்றாள் அக்கா. "ஆமா, நீங்க சாப்பிடப் போயிருக்கீங்களா? ரூம்ல காணோமே."

போனை வைத்தார். ரோஷமாகத்தான் இருந்தது.

"நான் இல்லங்கறதே அங்க யாருக்கும் தெரியல" என்றார் மகளிடம்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "போன ரெண்டு தடவையும் தெரிஞ்சுது."

பூட்டு சார் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். ஜிப்பை ஒரே ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தார்.