கடுகு மேடத்தின் முகப்புப் பக்கம்

பல்கலைக்கழகக் கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி, கூப்பிட்டுத் தன் போனை நீட்டிவிடுவாள் கடுகு மேடம். "சும்மாதானே நிக்கிறீங்க. நம்ம வெப்சைட்ல ஹாஸ்டல் ஃபீஸ் எங்க கட்டறதுன்னு கண்டுபிடிங்க, பார்ப்போம்." கொடுத்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வாள். இல்லாவிட்டால் விரல் தானாகப் போய்ச் சரியான இடத்தைத் தொட்டுவிடும் என்று பயம். வாங்கியவர் மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். கடைசியில், "எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்று அசடு வழியத் திருப்பிக் கொடுப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்கு வராம இல்ல. நாங்க ஒழுங்கா வைக்கல. நீங்க ஏன் வெக்கப்படறீங்க?" என்று, ஒரு தப்பும் செய்யாத மனிதரிடம் சண்டைக்கு நிற்பாள்.

பல்கலைக்கழகத்தின் இணையதளம் அவள் பொறுப்பு. முகத்துக்கு நேரே வெப் மேடம், முதுகுக்குப் பின்னால் கடுகு. ஆள் பொடி, சூடு பட்டால் வெடிப்பாள் என்பதால் வந்த பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. "வெடிக்காத கடுகு கசக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். கணினி மையத்திலேயே மட்டமான போன் அவளுடையதுதான். திரையில் குறுக்கே ஒரு விரிசல். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். நல்லதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டால், "படிக்க வர்றவங்க கையில இருக்கறது இதுதான். இதுல தெரியலன்னா அது எங்கயுமே இல்லன்னு அர்த்தம்" என்பாள்.

இந்தக் கோபத்துக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. அவளுடைய அண்ணி கடைசி வருடப் படிப்பைப் பாதியில் விட்டவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், விட்டதை முடித்துவிடலாம் என்ற ஆசை அவளுக்குத் துளிர்த்தது. யாரிடமும் சொல்லாமல் தளத்தில் தேடி, மீண்டும் சேர்வதற்கான அறிவிப்பைக் கண்டுபிடித்து, கடைசித் தேதிக்கு முன்பே சான்றிதழ்களோடு பஸ் ஏறினாள். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது வருடம் போடாத ஏதோ ஒரு பழைய அறிவிப்பாம். இந்த வருடத்துக்குக் கதவு அடைத்தாகிவிட்டதாம்.

அன்று சாப்பிடும்போது, "நான்தான் சரியா பார்க்கல போல" என்று அண்ணி சிரித்தபடி சொன்னாள். கடுகு தட்டை நகர்த்திவிட்டாள். ஓர் அறிவிப்பைத் தளத்தில் போட யாராவது ஒருவர் போனில் சொன்னால் போதும். எடுப்பதற்கோ துறை, டீன், பதிவாளர் என்று வரிசையாகக் கையெழுத்து வேண்டும். அந்தப் பழைய அறிவிப்பை எடுக்கச் சொல்லி கடுகு முன்பே அனுப்பிய கோப்பு எந்த மேஜையில் தூங்கியதோ. "ஒரு மனுஷியோட ஒரு வருஷத்த முழுங்கிட்டு, முகப்புல ரோஜாத்தோட்டம் படம் போட்டு வச்சிருக்கோம்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பொருமித் தீர்த்தாள்.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் தளம் பளபளவென்று மாறியபோது, நம்முடையதும் பளபளக்க வேண்டும் என்று துணைவேந்தருக்குத் தோன்றியது. கடுகுக்கு அது போதும். விசாரணைக் கவுன்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வாரக்கணக்கில் காது கொடுத்தாள். யாருமே வரவேற்புரை எங்கே என்று கேட்கவில்லை. ஃபீஸ், ரிசல்ட், சான்றிதழ், சேர்க்கை, இவ்வளவுதான் கேட்டார்கள். அவற்றை முகப்பில் முதலில் வைத்தாள். தேதி கடந்த அறிவிப்பு தானாகவே மறைந்துவிட ஏற்பாடு செய்தாள்.

வரைவைக் காட்டிய கூட்டத்தில், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கேட்பதுபோல, ஒவ்வொரு துறைத்தலைவரும் முகப்பில் தன் துறைக்கு இடம் கேட்டார். பதிவாளர் எல்லாரையும் கையமர்த்தினார்.

"துணைவேந்தர் படம் மேல வரணும். பெருசா. அசையணும்."

"அசையணுமா சார்?"

"ஒண்ணு மாத்தி ஒண்ணு வரணும்மா. பட்டமளிப்பு, மரம் நடறது, அந்த மாதிரி."

கடுகு எழுந்து போய் விரிசல் விழுந்த போனை அவர் முன்னால் வைத்தாள். "படிப்ப விட்டவங்க திரும்பச் சேர எங்க போகணும்னு, பழைய தளத்துல ஒரு தடவ தேடிப் பாருங்க சார்."

அவர் அதைத் தொடவில்லை. "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? வேணும்னா என் பி.ஏ. எடுத்துத் தந்துடுவார்."

"எல்லாருக்கும் பி.ஏ. இருக்காங்களா சார்?"

கூட்டம் அடுத்ததாக, தளத்துக்கு நீலம் நல்லதா பச்சை நல்லதா என்பதற்குப் போய்விட்டது.

திறப்பு விழாவில் துணைவேந்தர் பொத்தானை அழுத்தினார். சுவரளவு திரையில் அவரே மரம் நட்டார், அவரே பட்டம் கொடுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் கடுகு தன் போனில் திறந்து பார்த்தாள். படம் வந்துகொண்டே இருந்தது. அவள் பாடுபட்டு வைத்ததெல்லாம் அதற்கும் கீழே, யாரும் தள்ளிப் பார்க்காத ஆழத்தில் கிடந்தது.

அடுத்த வாரம் விசாரணைக் கவுன்டரில் அதே கூட்டம், அதே கேள்விகள். காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர், மகளுக்கு எப்படி ஃபீஸ் கட்டுவது என்று கேட்க வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தார். "போன்ல பார்த்தேம்மா, ஒரே போட்டோவா வருது" என்றார். கடுகு விறுவிறுவென்று மாடியேறிப் பதிவாளர் அறைக்குள் போனாள்.

"சார், அந்தப் படத்தையெல்லாம் முகப்புலேர்ந்து எடுக்கறேன். நிர்வாகம்ங்கற பக்கத்துல ஒரு படம் இருக்கும்."

"யாரக் கேட்டு?"

"கேக்க வரல சார். சொல்ல வந்தேன்."

இறங்கி வந்த கையோடு எடுத்துவிட்டாள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'தேடி வந்தவர்களுக்கு மறைத்தது, எடுத்தேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். அவள் பதவி உயர்வு அதோடு கிணற்றில் போட்ட கல் ஆகிவிட்டது. "போகட்டும்" என்பாள். ஆனால் அதைச் சொல்லும்போது தாடை இறுகும். படம் போனதைத் துணைவேந்தர் மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தானே கேட்பதற்கு?

படிப்பை விட்டவர்களுக்கான அந்த வருடச் சேர்க்கை திறந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி படுக்கையறைக் கட்டிலின் ஓரத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். உதவி கேட்கவில்லை. பெயர், பழைய பதிவு எண், விட்ட பாடங்கள் என்று ஒவ்வொன்றாகத் தானே நிரப்பிக்கொண்டு போனாள். கடுகு மூச்சுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "சாப்பாடு ஆச்சா?" தொடர்ந்து சின்னவன், "அம்மா, என் பென்சில் பாக்ஸ் எங்க?"

"இரும்மா, இதோ வந்துடறேன்" என்று அண்ணி கடுகிடம் சொல்லி, போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழப்போனாள்.

கடுகு அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். போனை எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டாள்.